உதறியது ஸ்டீரிங், கழற்றியது பின்சக்கரம்

என் மனைவி கலாமணி சொன்ன ஒரு விவரத்தை நான் வருஷக்கணக்காகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். அவளிடம் அதைச் சொன்னதில்லை. பொய் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் மனசு ஒரு பக்கமாகச் சரிந்து, சரிந்த இடத்திலேயே பழகிப்போயிருக்கும். நிஜம் என்று தெரிந்திருந்தாலும் அப்படித்தான். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை. விவரம் சின்னது. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தவள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பவேண்டிய நாள் ஆயுத பூஜையன்று அமைந்தது. நான் விஜயவாடாவில் லோடு இறக்க ஆளில்லாமல் மாட்டிக்கொண்டேன். குறித்த நாளை மாற்றவேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். என் கூட்டாளி அர்த்தநாரி தன் லாரியைப் பவானிக்கு ஓட்டிப்போய் அவளையும் குழந்தையையும் கூட்டிவந்தான். நான் உட்கார்ந்து வந்திருக்கவேண்டிய இடத்தில் அவன் உட்கார்ந்து வந்தான், அதைக்கூட விட்டுவிடலாம். வழியில் ஸ்டீரிங் உதறியதாம். சங்ககிரிக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினானாம். பூஜையில் வைத்த சாமான்களை மறுநாள்வரை யாரும் தொடமாட்டார்கள். அவன் ஸ்பேனரில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்துவிட்டு எடுத்தானாம். பின்சக்கரத்தைக் கழற்றினானாம். அதற்குப் பிறகு உதறல் நின்றுபோனதாம். வெயில் தாழ வரவேண்டியவர்கள் விளக்கு வைத்த பிறகு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். லாரி ஓட்டுகிறவனுக்கு இதில் முள் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஸ்டீரிங் உதறினால் கோளாறு முன்சக்கரத்தில். பின்சக்கரத்தில் கோளாறு என்றால் ஆடுவது சீட்டு. அது இடுப்புக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கை நடுங்கியதற்கு யாராவது பின்சக்கரத்தைக் கழற்றுவார்களா? அர்த்தநாரி கழற்றமாட்டான், அவன் என்னைவிட நல்ல டிரைவர். அப்படியென்றால் அங்கே எதுவும் கழற்றப்படவில்லை. கழற்றப்படவில்லை என்றால் அந்த மரத்தடியில் அவ்வளவு நேரம் என்ன நடந்தது?

இப்போது அதே உதறல் என் கையில் இருக்கிறது. நாமக்கல்லைத் தாண்டிப் பரமத்தி ரோட்டில் வண்டியை விரட்டியதும் ஆரம்பித்தது, முதலில் உள்ளங்கையில் ஒரு கூச்சம் போல, பிறகு மணிக்கட்டு வரைக்கும். காலி வண்டி. நேற்றுதான் மாதேஸ் கடையில் டயர்களை மாற்றிப் போட்டது. "முன்னாடி இருந்ததைப் பின்னாடி தள்ளீட்டனுங்ணா, பின்னாடி இருந்ததை முன்னாடி கொண்டாந்துட்டேன். இனி ஒரு வருசத்துக்கு என் மூஞ்சியவே பார்க்க வேண்டாம்" என்றான். "எல்லாரும் அப்படியே போய்ட்டா நீ எதை வெச்சுப் பொழப்ப?" என்றேன். "உங்களை மாதிரி சந்தேகக்காரங்க நாலு பேரு இருக்காங்ளே, அது போதுமுங்ணா" என்று சிரித்தான். அவன் டயரைச் சொன்னான். எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதா, என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? பக்கத்து சீட்டில் கலாமணி பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நல்ல சேலை கட்டியிருக்கிறாள். பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று சொன்னாள், டயர் மாற்றிய வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று நான்தான் லாரியை எடுத்தேன். நாங்கள் போவது பரமத்திக்கு அடுத்த வேலூரில் அர்த்தநாரி வீட்டுக்கு. லாரியை விற்றுவிட்டு அவன் அங்கே பேக்கரி வைத்திருக்கிறான். அவன் மகனுக்கு எங்கள் கிருத்திகாவைக் கேட்டிருக்கிறார்கள். அன்று அந்த கேபினில் கைக்குழந்தையாக வந்தாளே, அவளைத்தான். பையன் நல்லவன், கோயமுத்தூரில் வேலை, கிருத்திகாவுக்கும் சம்மதம், கலாமணிக்குச் சம்மதத்துக்கு மேல். நான் மட்டும் சித்திரையிலிருந்து யோசிப்போம், யோசிப்போம் என்று தள்ளிக்கொண்டு வருகிறேன். இன்றைக்கு நேரில் பதில் சொல்லவேண்டும். வேண்டாம் என்கிற சொல்லை வாயில் அடக்கிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்பினேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது? உன் அப்பன் ஒருநாள் பின்சக்கரத்தைக் கழற்றியதாகச் சொன்னது எனக்கு ஒத்துவரவில்லை என்று அந்தப் பையனிடம் சொல்லமுடியுமா?

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. பயப்படாமல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். வேகத்தைக் குறைக்கிறேன், உதறல் அடங்குகிறது. கூட்டுகிறேன், வருகிறது. இன்னும் கூட்டினால் கொஞ்சம் தணிந்து மறுபடி எழுகிறது. நியூட்ரலில் தள்ளி வண்டியைத் தானாக ஓடவிடுகிறேன், அப்போதும் இருக்கிறது, ஆகவே இன்ஜின் இல்லை. பிரேக்கை லேசாக மிதிக்கிறேன், கூடவில்லை, ஆகவே பிரேக் டிரம் இல்லை. சீட்டில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே பின்பக்கம் இல்லை. இந்த முறையில்தான் அந்த நாளையும் நான் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஹைதராபாத் ரோட்டில், நாக்பூர் ரோட்டில், லோடு ஏற்றக் காத்துக்கிடந்த இடங்களில் எல்லாம். சங்ககிரியில் திரும்பிய பக்கமெல்லாம் ஒர்க்‌ஷாப் இருக்கும்போது எதற்கு மரத்தடி? பூஜை நாள், எல்லாம் மூடியிருக்கும். சரி, அதைத் தள்ளு. கல்யாணமாகிக் குழந்தை பெற்ற ஒருத்தியோடு, பட்டப்பகலில், ரோட்டோரத்தில். சரி, அதையும் தள்ளு. எவ்வளவு தள்ளினாலும் கடைசியில் ஒன்று மிச்சம் நிற்கும். "ஸ்டீரிங்கைப் புடிச்சுப் பாருன்னாருங்க. புடிச்சேன். கையெல்லாம் கிடுகிடுன்னு ஆடிப்போச்சு." அதைச் சொல்லும்போது கலாமணி வலது கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினாள். அந்தக் கை எனக்கு இன்னும் தெரிகிறது. ஓடுகிற வண்டியில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் ஸ்டீரிங்கை எப்படிப் பிடிக்கமுடியும்? ஒருமுறை ஷெட்டில் யாரும் இல்லாதபோது நான் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. அவளைவிட நான் உயரம். நடுவில் இருக்கிற இன்ஜின் பெட்டிமேல் நகர்ந்து உட்கார்ந்தால்தான் எட்டும். அப்படி உட்கார்ந்தால் ஓட்டுகிறவனின் தோள் இடிக்கும். மடியில் குழந்தை வேறு. குழந்தையை யார் பிடித்துக்கொண்டது? இன்னொன்று. நேரில் அவனை அண்ணா அண்ணா என்பாள், அவன் இவளைத் தங்கச்சி என்பான், அந்த முறையில்தான் இப்போது சம்பந்தமே பேசுகிறோம், மாமன் மகன் என்று ஊரே சொல்கிறது. ஆனால் அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் அண்ணன் என்று சொல்லவில்லை. அவரு நிறுத்தினாரு. அவரு துடைச்சாரு. அவரு. என்னைச் சொல்கிற அதே அவரு.

"ஸ்டீரிங் ஆடுதுங்களா?" என்கிறாள். நான் திரும்பவில்லை. பவர் ஸ்டீரிங் வண்டி, உதறல் என் கையோடு நின்றுவிடும், வெளியே தெரியாது. "உனக்கெப்படித் தெரியும்?" "உங்க முழங்கையப் பார்த்தேன்." அவள் என் முழங்கையைப் பார்க்கிறாள் என்பதில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. உடனே, அவன் முழங்கையையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் என்று தோன்றிப் புளித்துப்போனது. கீரம்பூர் தாண்டி ஒரு புங்கமரத்தின் நிழலில் வண்டியை ஒதுக்குகிறேன். மாதேஸ் கடைக்குத் திரும்பிப்போக எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவளும் அதைத்தான் சொன்னாள். "திரும்பிப் போயிறலாமுங்க. இல்லீனா மாதேசைக் கூப்பிடுங்க, வண்டில வந்துருவான். இந்த வேட்டியோட எதுக்குக் கீழ இறங்கறீங்க?" "ஏன், எனக்கு முடியாதா?" "முடியாதுன்னு யாரு சொன்னா? சம்பந்தி வீட்டுக்குக் கிரீஸ் கையோட போனா அவங்க பேக்கரில வேலைக்குச் சேத்துக்குவாங்க." சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டேன். சம்பந்தி என்று சொல்லிவிட்டாள். எனக்காகக் காத்திருக்கவில்லை.

நட்டுகள் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. ஸ்பேனரில் குழாயைச் செருகி மிதித்துப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து உலுக்கினால் லொடலொடப்பு இல்லை. முன்பக்கத்து இடது டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுகிறேன். முன்னோக்கித் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிறது. பின்னோக்கித் தடவினால் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையும் கையைக் கடிக்கிறது. பின்னால் ஜோடியாக ஓடிய டயர் இப்படித்தான் ஒருபக்கமாகத் தேயும், அங்கே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, முன்னால் வந்து தனியாக நிற்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். ஜாக்கியை வைத்து ஏற்றினேன். மூச்சு வாங்கியது. சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் குனிந்து பார்க்க முயன்றபோது கலாமணி சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள், கையில் ஒரு புங்கங்குச்சி. டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, தரையில் கையை ஊன்றி, குச்சியின் நுனி டயரைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டுப் பிடித்தாள். "சுத்துங்க." சுற்றினேன். ஒரு இடத்தில் மட்டும் டயர் வந்து குச்சியைத் தட்டியது. மறுசுற்று, மறுபடி அதே இடத்தில் தட்டல். டயர் உருண்டையாக இல்லை. என் கை அப்படியே நின்றுவிட்டது. குச்சி வைத்துப் பார்ப்பது ஷெட்டில் செய்கிற வேலை, எங்கள் ஷெட்டுக்கு அவள் வந்ததே கிடையாது. "இதை யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தா?" "அன்னைக்கு அவரு புடிக்கச் சொன்னாருங்க. அவரு சுத்துனாரு, நான் புடிச்சேன்." "குழந்தை?" "கேபின்ல சீட்டுல படுக்கப்போட்டு மூட்டையை அணை குடுத்திருந்தேன். தூங்கிட்டுத்தான் இருந்துச்சு." "நீ இதைச் சொன்னதே இல்லையே." "நீங்க கேக்கவே இல்லையே."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். குச்சியைத் தூரப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நிழலுக்குப் போனாள். நான் கேட்கவே இல்லை. உண்மைதானா? எனக்குள் நான் கேட்காத நாள் இல்லை, அதனால் அவளிடமும் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேனா? முன்னால் இருக்கிற இந்தக் கெட்ட டயரைக் கழற்றினால் அந்த இடத்தில் போட ஒன்று வேண்டும். ஸ்டெப்னி தேய்ந்த டயர், அதை நம்பி முன்னால் போடமுடியாது. நேற்றுவரை முன்னால் ஓடி, மாதேஸ் பின்னால் தள்ளிய பழைய டயர்தான் ஆடாமல் ஓடும் என்று தெரிந்த டயர். ஆக, பின்பக்கத்து இடது வெளிச்சக்கரம். ஜாக்கியை இறக்கி அங்கே மாற்றிக் கொடுத்து ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். நட்டுகளைத் தளர்த்தினேன், ஒவ்வொன்றும் ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது. சக்கரத்தை இழுத்து நெஞ்சில் சாய்த்துத் தரையில் இறக்கி, வேர்வை கண்ணில் வழிய நிமிர்ந்து பார்த்தேன். கலாமணி மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் சக்கரத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டீரிங் உதறியது, நான் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த மரத்தடியில் நிற்கிற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைச் சோடிக்கும்போது நாங்கள் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ரிம்முக்கு வர்ணமடித்து, பார்வைக்கு எடுப்பாக இருக்கிற டயர்களைத் தேடி முன்னால் போட்டுவிடுவோம், மாலை போட்டு நிறுத்தினால் பார்க்கிறவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும் என்பதற்காக. எந்த டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று அந்த ஒருநாள் மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அர்த்தநாரியும் முந்தின நாள் அதைத்தான் செய்திருப்பான். மறுநாள் ஸ்டீரிங் உதறியதும் முன்னால் இருந்ததைப் பின்னாலும் பின்னால் இருந்ததை முன்னாலும் திருப்பிப் போட்டிருப்பான், ஒற்றை ஆளாக, புது வர்ணம் ஒட்டிப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டி. நேரம் ஆகத்தான் செய்யும். அவள் கண்ணில் பட்டதைச் சொன்னாள். நான் தொழில் தெரிந்தவன் என்பதால் நம்பவில்லை.

லேசாகியிருக்கவேண்டும் மனசு. அப்படித்தான் எதிர்பார்த்தேன். இரண்டு சக்கரங்களையும் இடம் மாற்றிப் பூட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஜாக்கியை இறக்கிக் கை கழுவி ஏறினேன். அவள் தண்ணீர் ஊற்றினாள், துண்டு எடுத்துக் கொடுத்தாள். பரமத்தியை நோக்கி வண்டியை விரட்டினேன். எந்த வேகத்தில் உதறல் வந்ததோ அந்த வேகம் வந்தது, தாண்டியது, இன்னும் தாண்டியது, ஸ்டீரிங் அசையாமல் கையில் கிடந்தது. "நின்னுபோச்சுங்களா?" என்றாள். "ம்." அப்படியென்றால் அவள் சொன்னது எல்லாம் நிஜம். வேப்பமரம் நிஜம், ஸ்பேனர் நிஜம், பின்சக்கரம் நிஜம். ஸ்டீரிங்கைப் பிடித்ததும் நிஜமாகத்தான் இருக்கும், குழந்தை சீட்டில் படுத்திருந்தால் அவள் எங்கேதான் உட்கார்ந்திருப்பாள், இன்ஜின் பெட்டிமேல்தான். எனக்கு எதிராக அங்கே ஒன்றும் நடக்கவில்லை. வேலூருக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிட இனி என்ன தடை? ஆனால் கோளாறு போய்விட்டதாக நினைக்கும்போதே, வேறொரு வேகத்தில் வேறொன்று எழுகிறது. பொய் என்று நினைத்திருந்தவரை அதற்கு ஒரு பிடி இருந்தது, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். நிஜத்துக்குப் பிடியே இல்லை. பூஜைச் சாமானைத் தொடாதே என்று யாராவது சொல்லியிருந்தால் நான் தொட்டிருப்பேனா? மறுநாள் வரைக்கும் மெதுவாக உருட்டிக்கொண்டு போயிருப்பேன். அவன் சந்தனத்தைத் துடைத்தான். அவளிடம் குச்சியைக் கொடுத்து, பிடி என்றான். நான் இத்தனை வருஷத்தில் அவளிடம் எதையாவது பிடிக்கச் சொல்லியிருக்கிறேனா? டீ வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன், கண்ணாடியை ஏற்று என்று சொல்லியிருக்கிறேன். நான் ஓட்டினால் அவள் தூங்கிவிடுவாள். ஊர் எல்லை தாண்டியதும் தலை சாய்ந்துவிடும். என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அர்த்தநாரியிடமே சொல்லியிருக்கிறேன், அவன் சிரித்தான். அந்த வண்டியில் அவள் தூங்கவில்லை. சந்தனம் துடைத்ததிலிருந்து குச்சி தட்டியது வரைக்கும் எல்லாவற்றையும் கண் விழித்துப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை அப்படியே வைத்திருக்கிறாள். குச்சியை எவ்வளவு தள்ளிப் பிடிக்கவேண்டும் என்று அவள் கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் நடக்காத ஒரு மதியத்தை ஒருத்தி எதற்காக இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும்?

பரமத்தி தாண்டிவிட்டது. இனி வேலூர்தான். இவளிடம் கேட்காமல் போய் அங்கே உட்கார்ந்தால், அர்த்தநாரி தட்டில் எதையாவது வைத்து, "சாப்புடு மாப்ள" என்பான், நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், கிருத்திகா கல்யாணத்திலும் பார்த்துக்கொண்டிருப்பேன், பேரன் பிறந்து அவன் தூக்கிக்கொண்டு நிற்கும்போதும் பார்த்துக்கொண்டிருப்பேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கிருத்திகாவின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். எது நடந்தாலும் அவளுக்கு நியாயமாக நடக்கவேண்டும் என்றால், நான் எதற்குப் பயப்படுகிறேன் என்றாவது எனக்குத் தெரியவேண்டாமா? கேட்கத்தான் வேண்டும். ஆனால் என்ன கேட்பது? அவன் உன்னைத் தொட்டானா என்றுதான் இத்தனை வருஷமும் நாக்கில் வைத்திருந்தேன். அது இப்போது குப்பை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது, தெரிந்து ஒன்றும் குறையவில்லை. தோட்டங்கள் வர ஆரம்பித்தன, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், காற்றில் ஈரம். கலாமணி பழப்பையைக் காலடியில் வைத்துவிட்டுத் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டாள். "அங்க போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க" என்றாள். "பையன் அப்பனைப் புடிக்கலைன்னாலும் பையனுக்காவது ஒரு சிரிப்பு சிரிங்க." "அவனைப் புடிக்கலைன்னு யாரு சொன்னா?" "கூட இருக்கறவளுக்குத் தெரியாதுங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை, பரிகாசமும் இல்லை. எவ்வளவு நாளாகத் தெரியும்? முழங்கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவள் இதை எதில் கண்டுபிடித்தாள்? காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தேன். வண்டி தானாகத் தணிந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப்போனது. ஓரமாக நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன், வேறெங்கும் பார்க்காமல்.

"ஏ புள்ள, அன்னைக்கு அந்த மரத்தடியில, வண்டி சரியாகாமயே இருந்தா தேவலைன்னு உனக்கு ஒரு நொடியாவது தோணுச்சா?"